'காலனி' என்ற சொல்லுக்குள் இருக்கும் நிலம்

நகரப் பேருந்தில் நடத்துநர் "பேங்க் காலனி இறங்குறவங்க வாங்க" என்று குரல் கொடுக்கிறார். இறங்குகிறவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதே மாவட்டத்தில், கிராமத்துக்குப் போகும் மினி பஸ்ஸில் "காலனி ஸ்டாப்" என்ற குரல் வருகிறது. நான்கு தலைகள் திரும்புகின்றன. இறங்குவது யார், எந்த வீட்டுப் பிள்ளை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார் என்று கண்கள் அளவெடுக்கின்றன.

பேங்க் காலனி, ரயில்வே காலனி, ஹவுசிங் போர்டு காலனி, ஆசிரியர் காலனி. முன்னால் ஏதோ ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருக்கும் வரை காலனி என்பது முகவரி. அந்த முன்னொட்டு உதிர்ந்து வெறும் 'காலனி' என்று நின்றுவிட்டால் அது சாதி. 'காலனிக்காரன்', 'காலனிப் பசங்க', 'காலனிப் பக்கம் போகாதே'. இதைத் தமிழ்நாட்டில் யாரும் யாருக்கும் அகராதி வைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. ஐந்து வயதுக் குழந்தைக்கே தெரிந்துவிடுகிறது.

2025 ஏப்ரல் 29 அன்று, இந்தச் சொல் ஆதிக்கத்தின், தீண்டாமையின் குறியீடாக மாறிவிட்டது என்று சட்டமன்றத்தில் சொன்ன முதலமைச்சர் மு.க.ஸ்டாலின், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அதை நீக்குவதாக அறிவித்தார். தலித் இயக்கங்களின் கோரிக்கை அது. வரவேற்க வேண்டிய அறிவிப்பு. பள்ளிச் சான்றிதழிலும் ஆதார் அட்டையிலும் முகவரி என்ற பெயரில் சாதியைச் சுமந்து திரியும் ஒரு மாணவருக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆனால் ஒரு சொல்லை விரட்டும் முன், அது எங்கிருந்து வந்தது, இங்கே வந்து எப்படிக் கெட்டது என்று கேட்டுவிட வேண்டும். அதைக் கேட்காமல் விட்டால், அடுத்து வரும் சொல்லுக்கும் இதே கதிதான்.

*

காலனி என்ற சொல்லின் பிறப்பிடம் லத்தீன். 'கோலோனியா' என்றால் ரோமானியர்கள் தாங்கள் பிடித்த நிலத்தில் தம் மக்களைக் குடியேற்றி அமைத்த ஊர். போரில் பணியாற்றி ஓய்வுபெற்ற படைவீரர்களுக்கு அங்கே நிலம் பிரித்துக் கொடுக்கப்பட்டது. அப்படிக் குடியேறிய உழவர் 'கோலோனுஸ்'. இரண்டுக்கும் வேர் 'கோலெரே' என்ற வினைச்சொல். அந்த வினைக்கு மூன்று முக்கியமான பொருள்கள் உண்டு: உழுவது, குடியிருப்பது, வழிபடுவது.

அந்த ஒரே வேரிலிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குப் பல சொற்கள் கிளைத்தன. உழவைக் குறிக்கும் 'அக்ரிகல்ச்சர்' அதிலிருந்து வந்தது. பண்பாட்டைக் குறிக்கும் 'கல்ச்சர்' அதிலிருந்து வந்தது. வழிபாட்டுக் குழுவைக் குறிக்கும் 'கல்ட்' அதிலிருந்து வந்தது. தமிழிலும் இதற்கு ஓர் இணை உண்டு. நிலத்தைப் பண்படுத்துகிறோம், மனிதர்கள் பண்பட்டால் அதைப் பண்பாடு என்கிறோம். மண்ணைத் தொட்டுத்தான் இரண்டு மொழிகளும் பண்பாட்டுக்குப் பெயர் வைத்திருக்கின்றன.

ரைன் நதிக்கரையில் ரோமானியர்கள் கி.பி. 50இல் கோலோனியா தகுதி கொடுத்த ஊர், அந்தப் பெயரையே சுருக்கி இன்றும் 'கொலோன்' என்று அழைக்கப்படுகிறது. ஜெர்மனியின் பெருநகரங்களில் ஒன்று. அந்த ஊரில் தயாரான வாசனைத் தண்ணீர்தான் பிரெஞ்சுப் பெயரோடு உலகம் சுற்றிய 'ஓ டி கொலோன்', கொலோன் ஊர்த் தண்ணீர். கைக்குட்டையில் தெளித்துக்கொள்ளும் அந்த வாசனைக்கும், மூக்கைச் சுளித்துக்கொண்டு ஆதிக்கச் சாதிக்காரர் உச்சரிக்கும் 'காலனி'க்கும் ஒரே சொல்தான் தாய். நாற்றம் சொல்லில் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆனால் ரோமிலேயே இந்தச் சொல்லுக்கு ஒரு வீழ்ச்சியும் நடந்தது. பேரரசின் பிற்காலத்தில் 'கோலோனுஸ்' என்பவர் சொந்த நிலத்தின் உழவராக இல்லை. பெருநிலக்கிழாரின் பண்ணையில் குத்தகைக்கு உழுபவராக, படிப்படியாக அந்த மண்ணோடு கட்டப்பட்டவராக மாறினார். தப்பி ஓடத் திட்டமிடும் கோலோனுஸை அடிமையைப் போலச் சங்கிலியில் பிணைக்கலாம் என்று கி.பி. 332இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் சட்டமே போட்டார். நிலம் கையில் இருந்தபோது மதிப்பாக இருந்த சொல், நிலம் கையை விட்டுப் போனதும் அடிமைக்கு அருகில் வந்து நின்றது. சொல்லின் எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. மாறியது நிலத்தின் கை.

பிறகு ஐரோப்பியப் பேரரசுகள் இந்தச் சொல்லைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டன. அமெரிக்கக் கண்டங்கள், ஆப்பிரிக்கா, ஆசியா என்று அவர்கள் பிடித்த நாடுகளெல்லாம் காலனிகள் ஆயின. குடியேறியவரின் ஊர் என்ற பொருள், அடிமைப்பட்ட நாடு என்ற பொருளாகத் திரும்பியது. நம் கல்லூரிகளில் காலனியம், பின்காலனியம் என்று படிக்கிறோமே, அது இந்தக் கிளை.

ஸ்பானிய மொழியில் இதன் கதை இன்னும் சுவாரசியமானது. மெக்சிகோ நகரத்தில் 'கொலோனியா' என்றால் வெறும் பேட்டை, குடியிருப்புப் பகுதி. பணக்காரர் வீதியும் கொலோனியாதான், ஏழையின் வீதியும் கொலோனியாதான். அந்தச் சொல் எல்லையைத் தாண்டி அமெரிக்காவின் டெக்சாசுக்குள் நுழைந்ததும் பொருள் மாறிவிடுகிறது. அங்கே 'கொலோனியா' என்றால், எல்லையோரத்தில் குடிநீரும் கழிவுநீர் வசதியும் சாலையும் ஒழுங்காக இல்லாமல், பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளி ஏழைத் தொழிலாளர்கள் வாழும் குடியிருப்பு. ஓர் ஆற்றின் இந்தக் கரையில் முகவரி. அந்தக் கரையில் இழிவு. பேங்க் காலனிக்கும் வெறும் காலனிக்கும் இருக்கும் அதே வேறுபாடு.

இந்தியிலும் இதே பிளவைக் காணலாம். டெல்லியில் டிஃபென்ஸ் காலனி, நியூ பிரெண்ட்ஸ் காலனி என்றால் கோடீஸ்வரர்களின் முகவரி. அதே ஊரில் 'அங்கீகரிக்கப்படாத காலனி' என்றால் எப்போது இடிப்பார்கள் என்று தெரியாத வீடுகள். ஆக, எந்த மொழியிலும் இந்தச் சொல்லுக்குத் தனியாக மானமும் கிடையாது, அவமானமும் கிடையாது. அதில் யார் வாழ்கிறார், அவர் காலடி மண் யாருடையது என்பதே அதன் பொருளை முடிவு செய்கிறது.

*

நம் கிராமங்களுக்குள் காலனி வருவதற்கு முன்னால் இருந்த சொல் சேரி. அதுவும் பிறக்கும்போது இழிசொல் இல்லை. சேர்ந்து வாழும் இடம் சேரி. சங்கப் பாடல்களில் சேரி என்பது பொதுவாக மக்கள் வாழும் தெரு. பராந்தக சோழனின் 919, 921ஆம் ஆண்டு உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காகக் கொண்டாடுகிறோம். பிராமணர்களின் அந்த ஊரில் வட்டாரங்களுக்குச் சேரி என்றே பெயர். மொத்தம் 12 சேரிகள். ஒரு நூற்றாண்டுக்குள், ராஜராஜனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற பெயர்களைப் பார்க்கிறோம். ஊர் தனி, சேரி தனி என்ற கோடு கல்லிலேயே விழுந்துவிட்டது. பிற்காலத்தில் முன்னொட்டுகள் உதிர்ந்து, வெறும் சேரி என்றாலே அது யாருடைய இடம் என்று எல்லோருக்கும் தெரிந்தது. காலனிக்கு நடந்தது அப்படியே சேரிக்கு முன்பே நடந்த ஒன்று.

சேரியில் குடிசை போட்டவருக்கு அந்தக் குடிசை நின்ற மண் சொந்தமில்லை. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலை குறித்து 1891இல் எழுதிய அறிக்கை இதைத்தான் விவரித்தது. மிராசுதாரை எதிர்த்து ஒருவர் கூலி கேட்டால், வேறு பண்ணைக்கு வேலைக்குப் போனால், அன்றே குடிசையைப் பிரித்துக்கொண்டு போகச் சொல்ல முடியும். வீட்டுமனையே விலங்காக இருந்தது. 332இன் ரோமச் சட்டத்தில் இருந்த இரும்புச் சங்கிலி இங்கே தேவைப்படவில்லை.

அதனால்தான் சென்னை மாகாணத்தின் தொழிலாளர் துறை 1920களில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வீட்டுமனை ஒதுக்கத் தொடங்கியது பெரிய விஷயம். பிறகு அரிசன நலத் துறை வந்தது. 1971இல் விவசாயத் தொழிலாளர்களுக்கும் கைவினைஞர்களுக்கும் குடியிருப்பு மனையைச் சொந்தமாக்கும் சட்டம் வந்தது. 1974இல் தாட்கோ உருவானது. 1978இல் அரிசன நலத் திட்டங்களுக்காக நிலம் எடுக்கும் தனிச் சட்டம் வந்தது. இந்தத் திட்டங்களின் வழியாக எழுந்த தொகுப்பு வீடுகளுக்கு, அரசுத் தாளில் எழுதப்பட்ட பெயர்தான் காலனி.

இதை மறந்துவிடக் கூடாது. நம் பாட்டிகளின் தலைமுறைக்குக் காலனி வீடு என்பது பெருமை. மிராசுதார் பிடுங்க முடியாத மனை, பெயரில் பட்டா, தலைக்கு மேல் கான்கிரீட். 'நான் சேரியில் இல்லை, காலனியில் இருக்கிறேன்' என்று ஒரு பெண் தலைநிமிர்ந்து சொன்ன காலம் இருந்தது. சேரி என்ற இழிவிலிருந்து விடுதலையாகத்தான் காலனி வந்தது.

பின் ஏன் கெட்டது? ஏனென்றால் அரசு கொடுத்தது இரண்டு, மூன்று சென்ட். எடுத்த இடம் ஊருக்கு வெளியே. பெரும்பாலும் மழைக்குத் தண்ணீர் நிற்கும் தாழ்வான நிலம். ஊரும் சேரியுமாக இருந்தது, ஊரும் காலனியுமாக ஆனது. இடைவெளியை அரசே பூமிக்குள் ஊன்றிச் சிமெண்ட் பூசிக்கொடுத்தது. தனித் தண்ணீர்த் தொட்டி, தனிச் சுடுகாடு, சுடுகாட்டுக்குத் தனிப் பாதை, சில இடங்களில் பாதையே இல்லாத சுடுகாடு. காலையில் எழுந்து வேலைக்குப் போக வேண்டியது அதே ஊர்க்காரரின் வயலுக்குத்தான். வீடு கிடைத்தது, வயல் கிடைக்கவில்லை. உழுபவர் என்று பொருள்படும் வேரிலிருந்து பிறந்த ஒரு சொல்லை, உழுதுகொண்டே நிலமில்லாமல் இருக்கும் மக்களுக்குப் பெயராக வைத்தோம்.

*

இது தமிழ்நாட்டின் கதை மட்டுமில்லை. கேரளத்தில் நிலச்சீர்திருத்தம் நடந்தது என்று பெருமையாகப் பேசுவோம். குத்தகைதாரர்களுக்கு வயல் கிடைத்தது. ஆனால் தலித் மக்களில் பெரும்பாலானோர் குத்தகைதாரர்களாக இருக்கவில்லை, கூலிகளாக இருந்தார்கள். குடிசை போட்டு வாழ்ந்தவர்களுக்குச் சட்டம் கொடுத்தது, ஊராட்சிப் பகுதியில் அதிகபட்சம் 10 சென்ட். அதுவும் இல்லாதவர்களுக்கு 1972இல் தொடங்கிய லட்சம் வீடு திட்டம். 'லட்சம் வீடு காலனி' என்பது மலையாளத்தில் எப்படி ஒலிக்கும் என்று அங்குள்ள தலித் நண்பர் எவரையும் கேளுங்கள். 2007இல் செங்கரை ரப்பர் தோட்டத்துக்குள் ஆயிரக்கணக்கான தலித், ஆதிவாசிக் குடும்பங்கள் நுழைந்து கொட்டகை போட்டபோது அவர்கள் கேட்டது இன்னொரு காலனியை இல்லை. பயிர் செய்யும் நிலத்தைக் கேட்டார்கள்.

2024 ஜூன் 18 அன்று, நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதால் அமைச்சர் பதவியிலிருந்து விலகிய கே.ராதாகிருஷ்ணன், போகும் முன் கையெழுத்திட்ட உத்தரவு, காலனி என்ற சொல்லைக் கேரளத்தில் நீக்கியது. அவரே தலித் சமூகத்திலிருந்து வந்தவர். அந்தக் கையெழுத்தின் உணர்வை நாம் மதிக்கிறோம். காலனி போய் 'நகர்', 'உன்னதி' போன்ற பெயர்கள் வந்தன. ஆனால் செங்கரையில் எழுந்த கேள்விக்கு அந்த உத்தரவில் பதில் இல்லை.

பெயர் மாறினால் என்ன நடக்கும் என்பதற்குத் தர்மபுரியில் ஒரு பாடம் இருக்கிறது. 2012 நவம்பர் 7 அன்று, ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைக் காரணம் காட்டி, நாயக்கன்கொட்டாய் பகுதியில் தலித் குடியிருப்புகள் சூறையாடப்பட்டன. 250க்கும் மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டன. அந்தக் குடியிருப்புகளின் பெயர்களைப் படித்துப் பாருங்கள்: நத்தம் காலனி, கொண்டம்பட்டி, அண்ணா நகர். காலனி என்று பெயர் வைத்த இடமும் எரிந்தது. நகர் என்று பெயர் வைத்த இடமும் எரிந்தது. தீ வைத்தவர்கள் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு வரவில்லை. ஊர் எங்கே முடிகிறது, அது எங்கே தொடங்குகிறது என்று அவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும்.

*

உழுவது, குடியிருப்பது, வழிபடுவது. அந்த லத்தீன் வினையின் மூன்று பொருள்களையும் இப்போது திரும்பப் பார்ப்போம். சாதி தலித் மக்களுக்கு மறுத்தது சரியாக இந்த மூன்றையும்தான்.

வழிபடுவதைப் பார்ப்போம். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் 2023இல் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் நுழைந்த தலித் மக்கள் தாக்கப்பட்டார்கள். அவர்களை அனுமதிப்பதைவிட, அரசு கோயிலுக்கே சீல் வைக்கும் நிலை வந்தது. 2025 ஏப்ரலில்தான் அவர்களால் உள்ளே போக முடிந்தது. காலனி என்ற சொல்லை நீக்கும் அறிவிப்பு வந்ததும் அதே மாதம்.

குடியிருப்பதைப் பார்ப்போம். ஊருக்குள் தலித் ஒருவர் வீட்டுமனை வாங்குவது இன்றும் எத்தனை கிராமங்களில் நடக்கும்? 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்கள் குடித்த தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருப்பது தெரியவந்தபோது நாடே அதிர்ந்தது. செய்தது யார் என்ற கேள்வியோடு இன்னொன்றையும் கேட்டிருக்க வேண்டும். அந்த மக்களுக்கென்று தனியாக ஒரு தொட்டி ஏன் இருந்தது? ஊரும் அவர்களும் ஒரே தொட்டியில் குடித்திருந்தால் அந்தக் கொடுமைக்கு வழியே இருந்திருக்காது.

மூன்றாவது உழுவது, அதாவது நிலம். டிரெமென்ஹீர் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் வந்த அரசாணையின் வழியாக ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்டவைதான் பஞ்சமி நிலங்கள். குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. தமிழ்நாட்டில் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது நிலமீட்பு இயக்கங்கள் தொடர்ந்து சொல்லிவரும் கணக்கு. அதில் பெரும்பகுதி இன்று யாரிடம் இருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. காரணை கிராமத்தில் பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டுப் போராடியவர்கள் மீது 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் இறந்தார்கள். நிலம் கேட்டதற்காகச் செத்தவர்களின் பெயர்கள் அவை. இளம் தோழர்கள் எத்தனை பேருக்கு அந்தப் பெயர்கள் தெரியும்?

அண்ணல் அம்பேத்கர் இதை 1947லேயே தெளிவாகப் பார்த்தார். அரசியல் நிர்ணய அவைக்காக அவர் தயாரித்த 'அரசுகளும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்தில், பட்டியல் சாதியினருக்குத் தனிக் கிராமங்கள் வேண்டும், அரசின் பயிரிடப்படாத நிலங்களைப் பொறுப்பேற்று அவர்களைக் குடியேற்ற ஒரு தனி ஆணையம் வேண்டும் என்று கேட்டார். கவனியுங்கள். ஊருக்கு வெளியே மூன்று சென்ட் கேட்கவில்லை. ஊரின் தயவில் ஒரு மூலையையும் கேட்கவில்லை. சொந்த நிலத்தோடு ஒரு முழு ஊரைக் கேட்டார். ரோமானியர் தம் படைவீரர்களுக்குக் கொடுத்தார்களே, அந்த முதல் பொருளில் ஒரு 'கோலோனியா'. நமக்குக் கொடுக்கப்பட்டது அதன் பெயர் மட்டும்.

*

'பெயரில் என்ன இருக்கிறது, நிலம்தான் முக்கியம்' என்று சொல்லிப் பெயர் மாற்றத்தைக் கேலி செய்யும் முற்போக்காளர்களும் உண்டு. அவர்கள் பக்கம் நாம் இல்லை. வகுப்பறையில் முகவரி சொல்லத் தயங்கி, பக்கத்து ஊர்ப் பெயரைச் சொல்லித் தப்பிக்கும் ஒரு பெண்ணின் நாக்கு எப்படி உலர்ந்துபோகிறது என்று தெரியாதவர்கள் பேசும் பேச்சு அது. பெயர் மாறட்டும். இன்றே மாறட்டும். புதிய பெயரை அதிகாரிகள் மேலிருந்து ஒட்டாமல், அங்கே வாழும் மக்கள் கூடி முடிவு செய்யட்டும். அம்பேத்கர், அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன், மீனாம்பாள் சிவராஜ் என்று அவர்கள் விரும்பும் பெயரை வைத்துக்கொள்ளட்டும்.

ஆனால் சேரி கெட்டுக் காலனி வந்தது, காலனி கெட்டு நகர் வருகிறது. ஊருக்கும் அதற்கும் இடையில் இருக்கும் அந்த வெற்றிடத்தை அப்படியே விட்டுவைத்தால், இன்னும் இருபது ஆண்டில் வெறும் 'நகர்' என்று சொன்னாலே நான்கு தலைகள் திரும்பும். அப்போது இன்னொரு முதலமைச்சர் இன்னொரு சொல்லை நீக்குவார்.

அதனால் இளம் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். உங்கள் பகுதியில் காலனி என்ற பலகை இறங்கிப் புதிய பலகை ஏறும் நாளில் போய் நில்லுங்கள், கைதட்டுங்கள். அப்படியே கிராம நிர்வாக அலுவலகத்துக்குப் போய், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு கொடுங்கள். இந்தக் கிராமத்துப் பழைய நில ஆவணங்களில் 'டி.சி. நிலம்' என்று குறிக்கப்பட்ட சர்வே எண்கள் எவை? இப்போது யார் பெயரில் இருக்கின்றன? 1980களின் நில உடைமைப் பதிவு மேம்பாட்டின்போது அந்தக் குறிப்பு எந்தெந்த எண்களில் விடுபட்டது? சுடுகாட்டுப் பாதை யார் பட்டாவில் போகிறது? பதில் வரும்வரை மேல்முறையீடு செய்யுங்கள். வந்த பதிலை அந்தக் குடியிருப்பு மக்களின் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள்.

பெயரை மாற்றும் அரசாணைக்கு அடுத்து வர வேண்டியது நிலத்தை மீட்கும் அரசாணை. அதை எழுத வைப்பது நம் வேலை.